குறை சொல்ல ஓர் ஆள்

இருபது வருடத் தையலில் நான் குறை கேட்காத நாள் இல்லை. கை இறுக்கம், கழுத்து அகலம், நீளம் போதாது, நீளம் கூடிவிட்டது. எங்கள் ஊர் கிண்ணியாப் பெண்கள் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நிற்பது அழகு பார்க்க அல்ல, குறை தேட. ஒரு பெருநாளுக்கு முதல் நாள் ஒருத்தி வந்து, அவள் உடம்பு வைத்ததற்கும் என் கத்தரிக்கோல்தான் காரணம் என்று ஏசிவிட்டுப் போனாள். அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். காசு கொடுத்தவள் அல்லவா.

ஆகவே, இந்த நோன்பு மாதத்தில் என் வீடியோக்களைப் பற்றி ஒருவர்கூட ஒரு குறையும் சொல்லாதபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. களைத்துப்போனவளுக்குப் புகழ்ச்சி சுகமாகத்தான் இருக்கிறது.

என் மனுசன் றுமைஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம், திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வேலை செய்தவர். இரண்டு வருடத்துக்கு முன் பலகையில் கால் சறுக்கி விழுந்தார். இப்போது நடப்பார், பாரம் தூக்க ஏலாது, ஓரிடத்தில் நெடுநேரம் இருக்கவும் ஏலாது. அதே நேரம் பார்த்துக் கடைகளில் ரெடிமேட் அபாயாக்கள் வந்து குவிந்தன. என் மெஷினுக்கு வேலை குறைந்தது, தோள் நோவு மட்டும் குறையவில்லை. போன இரண்டு நோன்புக்கும் ஏழைகளுக்கான ஸகாத் வாங்குகிறவர்களின் பட்டியலில் எங்கள் வீடும் இருந்தது. கொடுத்தவர்கள் மரியாதையாகத்தான் கொடுத்தார்கள். அந்தச் சோறு எனக்குத்தான் தொண்டையால் இறங்கவில்லை.

அப்போதுதான் நப்லா வந்தாள். எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீடு ஆமினா உம்மாவுடையது. அவருடைய கடைசி மகள் இவள். சந்தியிலுள்ள போன் கடையில் வேலை செய்கிறாள்.

"ராத்தா, நீங்க தைக்கிறத வீடியோவா எடுத்துப் போடுங்க. பெரிய இடங்கள்ல ஆயிரக்கணக்கில ஆள் சேந்தாத்தான் காசு. இது வேற. ஒரு ஆள் பாத்தாலும் காசு வரும்," என்றாள்.

அந்தச் செயலிக்குப் பெயர் துளி. பார்க்கிறவர்கள் போனுக்கு ரீலோட் போடுவது போல அதில் கொஞ்சம் காசு போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு வீடியோ பிடித்தால், கீழே இருக்கும் நீலத் துளியை ஒருமுறை அழுத்த வேண்டும். அஞ்சு ரூபா அந்த வீடியோ செய்தவருக்குப் போய்விடும். அதில் செயலிக்காரர் எடுப்பதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார். அஞ்சு ரூபாய்க்கு இன்றைக்கு ஒரு ரொபி மிட்டாய்கூட வராது. ஆனால் சிறுதுளி பெருவெள்ளம் என்று செயலியின் முகப்பிலேயே எழுதி வைத்திருந்தார்கள். காசு வரும்போது போன் 'டொக்' என்று ஒரு சத்தம் போடும், பழுதான பைப்பிலிருந்து வாளிக்குள் தண்ணீர் விழுவது போல.

றுமைஸ் பலகைத்துண்டும் உடுப்புக் கொழுவியும் வைத்து ஒரு ஸ்டாண்ட் செய்து தந்தார். நான் துணியை விரித்து வெட்டுவதை அது மேலே இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். அளவு எடுப்பது, வெட்டுவது, கழுத்துக்குப் பட்டி வைப்பது என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். முதல் மாதங்களில் எப்போதாவது ஒரு டொக். மூதூரில் ஒரு பிள்ளை, தம்பலகாமத்தில் ஒரு டீச்சர், கட்டாரில் வீட்டு வேலை செய்யும் ஒருத்தி. அந்தக் கட்டார்க்காரி, "ராத்தா, கழுத்துப் பட்டியை ஏன் இவ்வளவு அவசரமாச் சொல்லுறீங்க? எனக்கு விளங்கல்ல," என்று எழுதியிருந்தாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அடுத்த நாள் அதை ஆறுதலாகச் சொல்லித் திரும்ப எடுத்துப் போட்டேன்.

நோன்பு வருவதற்கு முதல் வாரம், ஸகாத் பொறுப்பாக இருக்கும் ஸஹாப்தீன் ஹாஜியாரின் வீட்டுக்கு நானே நடந்து போனேன்.

"எங்கட பேர வெட்டி விடுங்க ஹாஜியார். நான் இப்ப உழைக்கிறன்," என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யோசிச்சுத்தான் சொல்லுறீங்களா தங்கச்சி?"

"ஓம். யோசிச்சுத்தான்."

திரும்பி வரும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. ஆனால் கால் இலேசாக இருந்தது. இனி என் வீட்டுச் சோறு என் கையால் வரும் சோறு. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

தலை நோன்பன்று காலையிலேயே போன் தொடங்கிவிட்டது. டொக். டொக். டொக். சுபஹ் தொழுதுவிட்டுப் பாயை மடிப்பதற்குள் வாளி நிறைந்துவிடும் போலிருந்தது. றுமைஸ் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையை ஆட்டினார். மறுநாளும் அதே நேரத்தில் அதே சத்தம். துளியோடு ஒரு வரி எழுதி அனுப்பலாம். எல்லாரும் ஒரே வரியைத்தான் அனுப்பியிருந்தார்கள்: 'அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வானாக.' என் தையலைப் பார்த்து ஊரே ஒரே வாயால் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டேன். மண்டைக்கனம் வருவதற்கு வயது வித்தியாசம் கிடையாது.

அந்த உற்சாகத்தில் மாடு மாதிரி உழைத்தேன். வீடியோ எடுக்கும்போது காற்றாடி போட ஏலாது, சத்தம் விழும், துணியும் பறக்கும். நோன்பு வாயோடு, மதிய வெக்கையில், கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பேசி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. பின்னேரம் கஞ்சி காய்ச்சி, ஒரு சட்டியை ஆமினா உம்மா வீட்டுக்கும் அனுப்பினேன். என் உழைப்பில் நானும் பிறருக்குக் கொடுக்கிறேன் என்ற பெருமை அந்தச் சட்டியில் உப்பைவிடக் கூடுதலாக இருந்தது.

சட்டைக்குக் கை பொருத்துவதுதான் தையலில் கஷ்டமான பாடம். கைக்குழியில் கையை வைத்து, சுருக்கம் விழாமல், இழுபடாமல் தைக்க வேண்டும். அதை எடுக்க எனக்கு மூன்று நாள் பிடித்தது. ஒருநாள் ஸஹர் சாப்பாடு முடிந்து, கண் சொருகச் சொருக அதைச் செயலியில் ஏற்றிவிட்டுப் படுத்தேன். எழும்பியபோது வழமை போல டொக் டொக் என்று விழுந்துகொண்டிருந்தது. வழமை போல பரக்கத்தும் வந்திருந்தது.

அடுத்த நாள் பின்னேரம், சும்மா பார்ப்போமே என்று அந்த வீடியோவைத் திறந்தேன். திரையில் எங்கள் வீட்டுக் கூரை தெரிந்தது. ஸ்டாண்ட் சரிந்து போன் மேல்நோக்கி விழுந்த நாளில் எடுத்ததை அல்லவா ஏற்றியிருக்கிறேன். "இஞ்ச பாருங்க, இந்த இடத்த வடிவாப் பாருங்க," என்று என் குரல் சொல்கிறது. அந்த இடத்தில் ஒரு பல்லி இருந்தது. பதினைந்து நிமிடம் கூரை, காற்றாடி, பல்லி. இடையில் பல்லியும் போய்விட்டது.

எனக்கு வெட்கத்தில் உடம்பு சுட்டது. ஊர் முழுக்கப் பார்த்துச் சிரித்திருக்குமே என்று நினைத்தேன். பிறகுதான் அந்தச் சூடு இறங்கி, வேறு ஒரு குளிர் ஏறியது. ஒருவரும் சிரிக்கவில்லை. 'ராத்தா, படம் தெரியுதில்ல' என்று ஒருத்தரும் எழுதவில்லை. அந்தப் பல்லியைப் பார்த்த பிறகும் இவ்வளவு பேர் அஞ்சு ரூபா தந்திருக்கிறார்களா?

நப்லாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து போனை வாங்கி, நான் ஒருநாளும் திறக்காத ஒரு பக்கத்தைத் திறந்தாள். யார் எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்று காட்டும் பக்கம் அது. காசு வரும் பக்கத்தை மட்டும் பார்த்துப் பழகியவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. துளி அனுப்பிய பெயர்களுக்கு நேரே பூச்சியம்தான் இருந்தது; அதைப் பார்த்ததும் நப்லாவின் முகம் மாறியது.

"சொல்லு," என்றேன்.

"ராத்தா, கோவிக்க மாட்டீங்கதானே?"

"சொல்லிப்போட்டுக் கேள்."

துளியில் இன்னொரு வசதி உண்டு. பிடித்தவருக்குத் தினமும் ஒரு துளி தானாகப் போகும்படி வைத்துவிடலாம், வீடியோவைத் திறக்கவே தேவையில்லை. நோன்புக்கு இரண்டு நாள் முன் ஆமினா உம்மா பெண்களின் வட்ஸ்அப் குழுவில் குரல் போட்டிருக்கிறார். நப்லா அதைப் போட்டுக் காட்டினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் புள்ளையள். நம்மட நஸ்ரியா பாவம், புருசன் விழுந்து கிடக்கான். ரோசத்தில ஸகாத்தும் வேணாம் எண்டுட்டாளாம். போன்ல அவளுக்கு ஒவ்வொரு நாளும் அஞ்சு ரூபா போற மாதிரி வைக்கலாம். நாம ஒண்டும் செய்யத் தேவல்ல, நித்திரையிலயும் போகும். கொஞ்சமெண்டாலும் ஒவ்வொரு நாளும் குடுக்கிற ஸதகாதான் பெரிசு. அவளுக்குச் சொல்லிடாதீங்க. நப்லா கடையில இருக்காள், போனக் குடுத்தா வெச்சுத் தருவாள்."

நப்லா கடையில் இருந்துகொண்டு வரிசையாக வைத்துக் கொடுத்திருக்கிறாள். அந்தப் பரக்கத் வரியும் அவள் எழுதியதுதான். ஒவ்வொருவருக்கும் புதிதாக எழுத நேரம் கிடைக்கவில்லையாம்.

"உம்மா நல்லதுக்குத்தான் ராத்தா செஞ்சவ," என்றாள்.

நல்லதுக்குத்தான். அதனால்தான் யாரையும் ஏசவும் முடியவில்லை. ஸதகா கேவலமென்று நான் சொல்லவில்லை, என் வாய் அழுகிவிடும். ஆனால் நான் கையேந்தவில்லையே. நாக்கு வறளப் பேசினேன், தோள் எரிய வெட்டினேன். அதை ஒருவரும் பார்க்கவில்லை. பல்லிக்கும் எனக்கும் ஒரே கூலி. அன்றைக்கு நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழம் வாய்க்குள் அப்படியே கிடந்தது.

நேரில் போய் ஆமினா உம்மாவோடு கதைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு வீடியோவே போட்டேன். முகத்தைக் காட்டாமல், மெஷினைக் காட்டிக்கொண்டு சொன்னேன்: ஸதகாவாக அனுப்புகிறவர்கள் தயவுசெய்து தேவைப்பட்டவர்களுக்கு அனுப்புங்கள், என் வீடியோவைப் பார்த்துப் பிடித்தால் மட்டும் துளி தாருங்கள், கையெடுத்துக் கேட்கிறேன். இதோடு முடிந்தது என்று போனை வைத்தேன்.

மறுநாள் காலை டொக், டொக், டொக்.

ஒன்றுகூடக் குறையவில்லை. அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வானாக, அதுவும் குறையவில்லை. பார்க்காமல் கொடுக்கிறவர்களிடம், பார்க்காமல் கொடுக்காதீர்கள் என்று வீடியோவில் சொன்னால் எப்படித் தெரியும்? செவிடன் காதில் ஊதிய சங்குக்குக் கிண்ணியாவில் விலாசம் கேட்டால் என் வீட்டைத்தான் காட்ட வேண்டும். றுமைஸ் சிரித்தார். முதுகு நோக நோக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"அந்தத் தினத்துளிய மூடப்போறன்," என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்தினார். "வாற காச ஏன் புள்ள உதைக்கிறாய்? தானமா வந்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாக்கிறேல்ல எண்டு சொல்லுவாங்க."

"நான் மாடு கேக்கல்லயே. கூலிதானே கேட்டன்."

"கூலியோ ஸதகாவோ, கடையில அரிசிக்காரன் அப்பிடிக் கேட்டா வாங்குறான்?" பிறகு குரலைத் தணித்தார். "நான் ரெண்டு வருசமா வாங்கிப் பழகிட்டன் நஸ்ரியா. முதல்ல கூசும், பிறகு கூசாது. அந்தக் கூச்சம் போனதுதான் எனக்குக் கவலை. உனக்கு இன்னும் இருக்குதெண்டா, மூடு."

அதைச் சொன்ன மனுசனைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. நோன்பு வாயோடு, பட்டப்பகலில், கதவு திறந்து கிடக்க, அதெல்லாம் எங்கே. போனை எடுத்து மூடிவிட்டேன்.

அடுத்த நாள் காலை வீடு செத்துக் கிடந்தது. மத்தியானம்வரை ஒரு டொக் இல்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு ஒன்று வந்தது, அந்தக் கட்டார்க்காரி. கை பொருத்தும் பாடத்தைச் சரியாக எடுத்து மறுபடி ஏற்றினேன். அவசரத்தில் எடுத்ததுதான், ஆனாலும் இந்தமுறை படம் விழுந்திருக்கிறதா என்று மூன்று தடவை பார்த்தேன். வாயை விட்டுப் பெருநாள் சட்டை தைக்கிறேன் என்று நாலு வீட்டில் கேட்டேன். இரண்டு கிடைத்தது. மெஷினில் குனிந்தால் தோள் எரிகிறது, நிமிர்ந்தால் ஹாஜியாரிடம் வெட்டச் சொன்ன பெயர் ஞாபகம் வருகிறது. திரும்பவும் போய் எழுதச் சொல்ல வேண்டி வருமோ என்ற பயம் கஞ்சி கிண்டும்போதும் கூடவே நின்றது.

மூன்றாம் நாள் பின்னேரம் ஆமினா உம்மா வந்தார். முழங்கால் நோவுக்காரி, வாசற்படியில் ஏறுவதற்குள் மூன்று முறை அல்லாஹ்வைக் கூப்பிட்டார். கதிரையை இழுத்துப் போட்டேன். இருக்கவில்லை.

"என்ன செஞ்சு வெச்சிருக்காய் நஸ்ரியா? என்ட அஞ்சு ரூபா போகுதில்ல!"

"மூடிட்டன் மாமி."

"மூடிட்டியா? ஆரக் கேட்டு மூடினாய்? கட்டார்ல என்ட மகன் அன்ஸார்ட வேலை ஆட்டம் காணுது. முப்பது நோன்புக்கும் ஒரு நாளும் விடாமல் ஸதகா குடுக்கிறன் எண்டு நிய்யத் வெச்சிருக்கன். நடுவில என்ட நன்மைய நிப்பாட்டிப்போட்டியே, நீ நல்லா இருப்பியா!"

வாங்காமல் விட்டதற்கு ஏச்சு வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

"பள்ளி உண்டியல்ல போடுங்க மாமி."

"உண்டியலடிக்கு நடக்க என்ட முழங்கால் ஏலாது. இது படுத்துக்கொண்டே போகும். திற, மருவாதையாத் திற."

எனக்குள் இருந்த களைப்பெல்லாம் ஒன்றாகத் திரண்டு வாயால் வந்தது. "மாமி, எனக்குப் பசிக்குது, ஓம். காசு வேணும், ஓம். ஆனா சும்மா தராதீங்க. நான் மூண்டு நாள் செத்துச் செத்து ஒரு வீடியோ எடுத்தன். ஒரு ஆள் பாக்கல்ல. வீட்டுக் கூரையப் போட்டன், அதுக்கும் காசு தந்தீங்க. எனக்கு எப்பிடி இருக்கும்? உங்கட ஸதகா வேற ஆளுக்கு. எனக்குத் தாறதெண்டா இந்தக் கதிரையில இருந்து என்ட வீடியோவக் கடைசிமட்டும் பாருங்க. பாத்திட்டு, பிரயோசனமெண்டாத் தாங்க."

ஆமினா உம்மா கதிரையில் இருந்தார். "கண்ணாடி கொண்டு வரல்ல," என்றார். றுமைஸ் தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார்.

கை பொருத்தும் பாடத்தை முழுவதும் பார்த்தார். நடுவில் இரண்டு தடவை கொட்டாவி விட்டார். ஒரு தடவை, "உன்ட குரல் வீடியோவில நல்லா இருக்கு, நேரிலதான் காகம் கத்தின மாதிரி," என்றார். முடிந்ததும் நீலத் துளியை அவரே அழுத்தினார். என் போன் டொக் என்றது. கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். இதுவும் பாவம் பார்த்துப் பார்த்ததுதான் என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன்.

இரண்டு நாள் கழித்து, நோன்பு திறக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது, வாசலில் மறுபடி அல்லாஹ்வின் பெயர் மூன்று முறை கேட்டது. ஆமினா உம்மா உள்ளே வந்தார். உடுத்திருந்த உடுப்புக்கு மேலே ஒரு புதுச் சட்டை. பச்சையில் வெள்ளைப் பூ. சட்டைக் கை இரண்டும் வரிந்து கட்டியது போல முறுக்கிக்கொண்டு நின்றன.

"பார்!" என்று இரண்டு கையையும் மேலே தூக்கினார். சட்டை முழுவதும் கையோடு சேர்ந்து மேலே ஏறியது. "இதா நீ சொல்லித் தந்த கை? வீட்டில கிடந்த கை மெஷினத் தூசி தட்டி, நீ சொன்னபடி அப்பிடியே தச்சனான். துணியும் நாசம். இனி இந்தக் கைய இறக்கேலாது போல கிடக்கு!"

நான் கிட்டப் போய்த் தடவிப் பார்த்தேன். வலக்கை இடப்பக்கம், இடக்கை வலப்பக்கம். கையின் முன்பக்கத்தைப் பின்பக்கத்தைவிடக் கொஞ்சம் குழித்து வெட்டுவது வழக்கம். எது முன்பக்கம் என்று வெட்டும்போதே ஓர் அடையாளம் போட்டுவிட வேண்டும். இருபது வருடமாக என் கை அதைத் தானாகச் செய்கிறது. வீடியோவிலும் கை செய்திருந்தது, வாய் சொல்லவில்லை.

"மாமி, பிழை என்டதான். அடையாளம் போடச் சொல்ல மறந்துட்டன்."

"மறந்துட்டியா? அஞ்சு ரூபா குடுத்துப் பாத்தனான் புள்ள! கொட்டாவி விட்டு விட்டுக் கடைசிமட்டும் பாத்தனான். மறந்துட்டனாம்! ஒழுங்காச் சொல்லித்தா. இல்லாட்டி என்ட அஞ்சு ரூபாயத் திருப்பித் தா!"

திருப்பித் தா. கொடுத்த ஸதகாவைத் திருப்பிக் கேட்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

எனக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. கையைத் தூக்கியபடியே நின்ற ஆமினா உம்மா பயந்துபோனார்.

"இப்ப என்னத்துக்கு அழுறாய்? நான் என்ன பெரிசாவா கேட்டுட்டன், அஞ்சு ரூபாதானே?"

"தரமாட்டன் மாமி," என்றேன், கத்தரிக்கோலை எடுத்து அந்தக் கையின் தையலைப் பிரித்துக்கொண்டே. "அது நான் உழைச்ச காசு."